தேன்பெட்டியோடு ஒரு வருஷப் பழக்கமும்: குழித்துறை – பாறசாலை பக்கத்து ஏற்பாடு எப்படி?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி கிடைப்பதில் சிரமமே இல்லை. ஈயோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றி, இருட்டியபின் வீட்டுக்கே கொண்டுவந்து தென்னை மூட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். தை மாதம் வாங்கிய பெட்டியை ஆவணியில் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். பல வீடுகளில் அதற்குள் பெட்டி மட்டும் மிச்சம். உள்ளே மெழுகுப்புழு நூல் கட்டி, தேனடையெல்லாம் சல்லடையாகிக் கிடக்கும். ‘ஈ நமக்கு ராசியில்லை’ என்று வாங்கியவர் முடிவுக்கு வந்திருப்பார்.

இதைப் பார்த்துச் சலித்த சில பெட்டிக்காரர்கள் வேறு மாதிரி விற்கிறார்கள். பெட்டியை வாங்கினால் ஒரு வருஷம் அவர்களோடு சேர்ந்து சுற்ற வேண்டும். வாரம் ஒரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை காலை, ஐந்தாறு பேர் கூடி ஒவ்வொருவர் தோட்டமாகப் போய்ப் பெட்டி திறந்து பார்ப்பார்கள். பாடப் புத்தகமோ சான்றிதழோ கிடையாது. குழித்துறை, மேல்புறம், களியக்காவிளை, கேரளப் பக்கம் பாறசாலை என்று மாநில எல்லையின் இரு புறமும் இந்த முறை ஏறத்தாழ ஒரே மாதிரி நடக்கிறது. அதனால் தனிக் கடை எதையும் சொல்லாமல், ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டு அதன் நல்லது கெட்டதைப் பார்ப்போம்.

இந்தத் தொழில் இந்த ஊரில் பரவிய விதமும் இதுதான். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு இங்கே வேர்பிடித்தது. அதன்பின் அது ஊர் ஊராகப் போனது பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி திறக்கும்போது வேலியோரம் நின்று பார்த்தவர்கள் வழியாக. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் பெட்டி வாங்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வேலியோரம் நிற்க நேரம் இருக்கிறவர்கள்தான் கூடவில்லை.

வாங்கும்போது என்ன கிடைக்கிறது

ஒழுங்காக நடத்துகிறவர் ஒரு பெட்டி மட்டும் தரமாட்டார். குறைந்தது 2 பெட்டி என்பார். இதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒற்றைப் பெட்டியில் ராணி செத்துப்போனால், புதிய ராணியை வளர்க்க வேலைக்கார ஈக்களுக்கு முட்டையோ இளம்புழுவோ வேண்டும். பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை (ஈ அடை கட்டும் மரச்சட்டம்) எடுத்து வைத்தால் ஈக் குடும்பம் பிழைக்கும். எடுக்க இன்னொரு பெட்டி இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தவிர, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இருந்தால்தான் ஒரு பெட்டி சோர்ந்திருப்பதே கண்ணில் படும்.

விலையைப் ‘பெட்டிக்கு எவ்வளவு’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை சட்டத்தில் ஈ இருக்கிறது’ என்று கேளுங்கள். 4 சட்டமாவது இரு பக்கமும் ஈ மூடியிருக்க வேண்டும். அதில் 2 சட்டத்திலாவது முட்டை, புழு, கூட்டுப்புழு இருக்கும் மூடிய அறை மூன்றும் இருக்க வேண்டும். முட்டை அறைக்கு ஒன்றாக, அடிமட்டத்தில் நின்றால் ராணி நன்றாக இருக்கிறது என்று பொருள். சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே அல்ல, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி பிடித்தால்தான் முட்டை தெரியும். பகலில் வந்து பெட்டியைத் திறந்து காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

அளவு முக்கியம். இங்கே புழங்குவது பாதிரியார் நியூட்டன் நம் நாட்டு ஈக்கென்று அமைத்த பெட்டி. முட்டையும் புழுவும் வளரும் கீழ்த்தட்டான புழு அறையில் 7 சட்டம், ஒவ்வொன்றின் உள்ளளவு 20.6 செ.மீ. நீளம், 14.4 செ.மீ. உயரம். மேல்தட்டான தேன் அறைச் சட்டத்துக்கு நீளம் அதே, உயரம் 6.2 செ.மீ. கையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோய் அளந்துவிடுங்கள். தச்சருக்குத் தச்சர் அரை சென்டிமீட்டர் மாறும். உங்கள் சட்டம் அடுத்தவர் பெட்டியில் இறங்கவில்லையென்றால் சட்டம் கடன் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அதோடு இந்த ஏற்பாட்டின் பாதிப் பயன் போயிற்று. இடைவெளி கூடிப்போனால் ஈ நடுவில் குறுக்கு அடை கட்டும், குறைந்தால் மெழுகு வைத்து ஒட்டிவிடும். இரண்டிலும் சட்டத்தை எடுக்கும்போது அடை கிழியும்.

மரம் அயினியோ தேக்கோ என்றால் நல்லது. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் செய்த பெட்டி மலிவு, ஆனால் இரண்டு மழையில் பூசணம் பிடித்து வண்டு துளைத்துவிடும். காலுக்கு எறும்புக் கிண்ணம் கேட்டு வாங்குங்கள். கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு புல் பெட்டியில் சாய்ந்தாலும் எறும்புக்குப் பாலம் ஆகிவிடும்.

சனிக்கிழமைச் சுற்று

காலை 8 மணிக்குத் தொடங்கி 10, 10.30க்குள் முடித்துவிடுவார்கள். மூன்று நான்கு தோட்டம், சுமார் 20 பெட்டி. எட்டுப் பேருக்குமேல் போனால் பயனில்லை, பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். ஆள் எண்ணிக்கையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 15 பேரைச் சேர்த்துக்கொள்பவர் பெட்டி விற்கிறார், அவ்வளவுதான்.

புதியவருக்கு முதலில் கொடுப்பது ஈயை அடக்கப் புகை போடும் வேலை. சிரட்டைத் துண்டும் தேங்காய் நாரும் கனன்று, வெண்மையாகக் குளிர்ந்த புகை வர வேண்டும். வாசலில் இரண்டு ஊது, மூடியைத் தூக்கியதும் மேலே ஒரு ஊது. அதற்குமேல் அடித்தால் நம் நாட்டு ஈ அடையை விட்டு ஓடத் தொடங்கிவிடும். ஓடுகிற ஈயின் நடுவே ராணியைத் தேட முடியாது. புகை பிடிப்பவர் கையைப் பார்த்தே ‘இவரிடம் இனி சட்டம் கொடுக்கலாமா’ என்று மூத்தவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அடுத்த வேலை அடிப்பலகை சுத்தம். ஈயின் குப்பையைத் துடைக்கவா காசு கொடுத்தோம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் எங்கள் கணக்கில் இந்த ஏற்பாட்டிலேயே அதிகம் கற்றுத்தருவது அந்தப் பலகைதான். மெழுகுத்தூள் வெள்ளையாக விழுந்திருந்தால் குடும்பம் அடை கட்டி வளர்கிறது. கருத்த மணி மணியான எச்சமும் நூலும் இருந்தால் மெழுகுப்பூச்சி உள்ளே போயாயிற்று. பழுப்பு மெழுகுத் துணுக்குகள் சிதறி, வாசலில் ஈக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வெளி ஈ தேன் திருடுகிறது. வாசலுக்கு முன் வெளுத்த புழு கிடந்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே நோயை நினைக்க வேண்டும். நாலு தோட்டத்துப் பலகையை ஒரே காலையில் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு மூன்று வாரத்தில் பிடிபடும். வீட்டில் உள்ள 2 பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று வருஷம் ஆகலாம்.

மானுடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைக் கவனித்தார். அங்கே பழகுகிறவர் துணியை வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பது என்று முடிக்கும் வேலையில் தொடங்கி, பிறகு தையல், கடைசியில் வெட்டு. ஓரம் அடிக்கிறவர் கையில் முழு உடுப்பும் இருக்கிறது; கெடுத்தாலும் துணி பெரிதாக வீணாகாது. சனிக்கிழமைச் சுற்றின் வரிசையும் ஏறக்குறைய அதுதான்: புகை, பலகை, அடையைச் சுழற்றித் தேன் பிரிக்கும் மிஷினைச் சுற்றுவது, சட்டம் பிடிப்பது, அடையைப் படிப்பது, கடைசியாகக் குடும்பம் பிரிப்பது. யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட வரிசை அல்ல. சேதம் குறைந்த வேலை முதலில் என்று தொழிலே அமைத்துக்கொண்டது.

சட்டம் பிடிப்பதற்கு ஒரே விதி: அடை எப்போதும் செங்குத்தாக நிற்க வேண்டும். மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முனையை உயர்த்தி, சட்டத்தைக் கதவு மாதிரி சுழற்றி, தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். தட்டு மாதிரி படுக்க வைத்தால் தேன் கனத்தில் இளம் அடை ஒடிந்து விழும். “மக்ளே, சாய்க்காதே” என்ற குரல் ஒரு காலையில் பத்து தடவையாவது கேட்கும். முதல் சட்டத்தை ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவிலிருந்து இழுத்தால் ராணி நசுங்கும் வாய்ப்பு அதிகம்.

மொழியைப் பற்றி ஒன்று. பாறசாலைப் பக்கத்து ஆட்கள் ஆண் ஈயை ‘மடியன்’ என்பார்கள். சோம்பேறி என்று பொருள், பொருத்தமான பெயர்தான். சுற்றில் இரண்டு மொழியும் கலந்தே ஓடும், ஒரு மாதத்தில் பழகிவிடும். சிக்கல் வேறொரு சொல்லில் இருக்கிறது. தமிழில் வரும் வளர்ப்புக் கையேடுகள் ‘சர்க்கரைப் பாகு கொடுக்கவும்’ என்கின்றன. இந்தப் பக்கம் பலர் வீட்டில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி. மலையாளத்திலும் சர்க்கரை வெல்லமே. கையேட்டைப் படித்துவிட்டு வெல்லப்பாகு வைத்தால் ஈக்கு வயிற்றுப்போக்கு வந்து பெட்டி முகப்பெல்லாம் மஞ்சள் புள்ளி. சுற்றில் ஒரு தடவை பாகு காய்ச்சிப் பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

பிரிப்பது: இங்கேதான் பணம், இங்கேதான் தோல்வி

ஒரு குடும்பத்தை இரண்டாக்கத் தெரிந்தவர்தான் பெட்டிக்காரர். ரப்பர் மரம் தளிர்த்துத் தேன் தரும் தை, மாசிக்கு முன் பெட்டி பலமாக இருக்க வேண்டுமென்றால் பிரிப்பு அக்டோபர், நவம்பரில் முடிய வேண்டும். குமரி மாவட்டத்தில் அது வடகிழக்கு மழைக் காலம். தொடர்மழையில் கன்னி ராணி பறந்துபோய் ஆண் ஈயோடு இணைய முடியாது. ஆகவே காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கிறவர் தோற்பார், மழையின் இடைவெளியைப் பார்க்கிறவர் ஜெயிப்பார். ஆண் ஈயின் மூடிய அறைகளைப் பாருங்கள். நம் நாட்டு ஈயில் அந்த மூடியின் நுனியில் ஊசித்துளை மாதிரி ஒன்று இருக்கும். அவை வந்து, 7 சட்டமும் நிறைந்திருந்தால் பிரிக்கலாம்.

முறை இது. ராணி இருக்கும் சட்டத்தோடு மூன்று சட்டத்தைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். வெளியே போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் புதுப் பெட்டியில் இன்னும் ஒரு சட்டத்து ஈயை உதறிச் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் ராணி இருந்தும் புழுவைச் சூடாக வைக்க ஆளில்லாமல் புழு சாகும். ராணி இல்லாத பழைய பெட்டி நாலைந்து நாளில் ராணி அறை கட்டும். 8, 9ஆம் நாள் திறந்து, நீளமான நல்ல அறை ஒன்றோ இரண்டோ விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவைத்தால் முதலில் வரும் ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துவிடும்.

புது ராணி 11 முதல் 13 நாளில் வெளிவரும். அங்கிருந்து பத்து நாள் பெட்டியைத் தொடவே கூடாது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தப் பத்து நாளில்தான். ஆர்வம் பொறுக்காமல் தினமும் திறக்கிறார்கள். ஆண் ஈயோடு இணையப் பறந்த ராணி திரும்பி வரும் நேரம் மூடி திறந்து, புகை அடித்து, ஆள் நின்றால் வழி தப்பிவிடும். 25ஆம் நாள் வாக்கில் திறந்து முட்டையைத் தேடுங்கள். இருந்தால் சரி. இல்லையென்றால் முட்டையுள்ள சட்டம் ஒன்றை அடுத்தவரிடம் வாங்கி வைத்து, மறுபடி நாளை எண்ணத் தொடங்க வேண்டும். ஓர் அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியபடி இருந்தால் வேலைக்கார ஈயே முட்டையிடுகிறது என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தைத் தனியாகக் காப்பாற்ற முயல்வது வீண். மாலையில் ராணியுள்ள பெட்டியின்மேல், ஊசியால் நாலைந்து துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இதை வைத்துவிட்டால் தாளைக் கடித்துக் கிழிக்கும் இரண்டு மூன்று நாளில் வாசனை கலந்து ஒன்றாகிவிடும்.

கன்னி ராணி கூடுவது உங்கள் பெட்டி ஆண் ஈயோடு மட்டுமல்ல. ஆகாயத்தில், சுற்றுவட்டாரப் பெட்டிகளிலிருந்தும் காட்டுக் கூடுகளிலிருந்தும் வந்த பல ஆண் ஈக்களோடு. நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடினால் முட்டைகளில் ஒரு பங்கு வளராமல் போய், அடையில் அங்கங்கே பொக்கை விழும். ஊரில் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் பெட்டி நாளடைவில் மெலிவதற்கு இதுவும் காரணமாகலாம். பக்கத்து வீட்டுக்காரரும் பெட்டி வைத்தால் நமக்குத் தேன் குறையும் என்று சண்டை போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

தை, மாசி: ரப்பர் தளிர்க்கும்போது

பலரும் சேர விரும்புவது இந்தச் சமயத்தில். மிஷின் சுற்றலாம், விரலை நக்கலாம், படம் எடுக்கலாம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பதே சிலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். இலை உதிர்ந்து தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்தில் உள்ள சுரப்பியில்தான் தேன் ஊறுகிறது. செம்பு நிறத் தளிர் பச்சைக்கு மாறும் நாள்கள்தான் உச்சம். அப்போது மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். சாம்பல் நோய் விழுந்து தளிர் உதிர்ந்தால் அந்தத் தோட்டத்தில் பெட்டி வைத்தும் பயனில்லை. சுற்றில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். எந்தத் தோட்டம் எந்த வாரம் தளிர்க்கும் என்பதை அவரைவிடச் சரியாகச் சொல்லும் ஆள் கிடையாது.

தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்கு அறை மூடியபின்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த தேனில் ஈரம் மிகுந்து, பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். ரப்பர் தேனுக்கு இயல்பிலேயே ஈரம் அதிகம், சீக்கிரம் உறையவும் செய்யும். உறைந்த தேனைப் பார்த்து ‘சீனிப்பாகு கலந்திருக்கிறார்’ என்று வாங்கியவர் சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்பதையும் சுற்றில்தான் பழக வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை வைத்து மெல்லச் சூடாக்கினால் இளகும். நேராக அடுப்பில் வைத்தால் தேன் கருகிக் கெட்டுவிடும்.

மிஷின் சுற்றுவதில் புதியவர் செய்யும் தவறு வேகம். முதலில் மெதுவாக ஒரு பக்கம் பாதி, திருப்பி மறுபக்கம் முழுதும், மீண்டும் முதல் பக்கம். ஒரே மூச்சில் சுற்றினால் மறுபக்கத் தேனின் கனம் அடையைக் கம்பி வலையில் அமுக்கி உடைக்கும். மிஷினும் வடிதுணியும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். புழு அறையிலிருந்து தேன் எடுப்பவரைக் கண்டால் அந்தக் குழுவை விட்டு விலகிவிடுங்கள். ஒரு பருவத்தில் ஒரு பெட்டி 10 கிலோவை எட்டினால் திருப்திப்படலாம். 25 கிலோ என்று சொல்லிப் பெட்டி விற்பவரின் வாயில்தான் தேன்.

ஆனி, ஆடி: ஏற்பாட்டின் பலவீனமான இடம்

குறை சொல்ல வேண்டியது இங்கே. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் சனிக்கிழமைச் சுற்று தளர்ந்துவிடுகிறது. இரண்டு வாரம் மழை, மூன்றாம் வாரம் கல்யாணம், நாலாம் வாரம் யாரும் கூப்பிடுவதில்லை. பெட்டி சாவதோ சரியாக இந்த மாதங்களில். வெளியே தேனில்லை, ராணி முட்டையைக் குறைக்கிறது, ஈ குறைந்து அடை வெறுமையாக நிற்கிறது, மெழுகுப்பூச்சி அங்கே முட்டையிடுகிறது. தேன் அறையை எடுத்துவிட்டு, ஈ மூடாத அடைகளையும் வெளியே எடுத்து, குடும்பத்தை நடுவில் ஒடுக்கி, வாரா வாரம் பாகு வைத்தால் பிழைக்கும். கஷ்டமான வேலை அல்ல, விடாமல் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் கூட்டம் கலைந்ததும் அது நின்றுபோகிறது.

பாகு: சீனியும் தண்ணீரும் சம எடை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கியபின் சீனியைக் கரைக்க வேண்டும், அடுப்பிலேயே காய்ச்சக்கூடாது. ஆறியபின் சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் நிற்க நாலு ஈர்க்குச்சியைப் போட்டு, அந்தி சாய்ந்தபின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி போதும். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் மறுநாள் காலை பலமான பெட்டி ஈ வந்து மெலிந்த பெட்டியைச் சூறையாடும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில் வைப்பதும் அதற்காகத்தான்.

ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் மரக்கன்று வாங்குகிற கையோடு தேன்பெட்டி ஆசையும் பலருக்கு வரும். அந்த மாதம் வாங்காதீர்கள். அப்போது வாங்க வேண்டியது மரக்கன்று மட்டும்.

கடன் வாங்குவதும் நோயும்

1991இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து பை நோய் (புழுவைக் கொல்லும் வைரஸ் நோய்) நம் நாட்டுத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. கேரளமும் குமரியும் கடுமையாக அடிபட்டன. புழு கூட்டுப்புழுவாகும் முன்பே செத்து, தலை மேலே தூக்கி, தோணி மாதிரி வளைந்து கிடக்கும். ஊசியால் எடுத்தால் உள்ளே நீர் நிறைந்த சிறு பை மாதிரி முழுதாக வரும். மருந்து கிடையாது. இன்றும் அங்கங்கே தலைகாட்டுகிறது.

சுற்றின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருப்பது இதனால்தான். கடன் சட்டத்தோடு முட்டை வரும், நோயும் வரும். கவனமுள்ள குழுவில் மூன்று பழக்கம் இருக்கும். சந்தேகப்பட்ட தோட்டத்துக்கு அன்று கடைசியில்தான் போவார்கள். அங்கே தொட்ட கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். அந்தப் பெட்டியிலிருந்து சட்டம் வெளியே போகாது, ராணியை அடைத்துவைத்துப் புழு வளர்ப்பைச் சில வாரம் நிறுத்துவார்கள். இதில் ஒன்றும் இல்லாத குழுவும் இருக்கிறது. ‘அதெல்லாம் சரியாயிடும்’ என்கிற பெட்டிக்காரர் எவ்வளவு அன்பானவரானாலும் சட்டம் வாங்காதீர்கள்.

கூட்டமாகப் பழகும்போது சரியானது மட்டும் பரவுவதில்லை, தவறும் அதே வேகத்தில் பரவும். ஒருவர் புகையில் வேப்பிலை போட்டால் ஆறு மாதத்தில் எல்லாரும் போடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. இதற்கு ஒருநாள் பயிற்சி வகுப்புகள் துணை செய்யும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும், எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளாயணி வேளாண் கல்லூரியும் இந்தத் துறை தெரிந்த இடங்கள். வகுப்பு மட்டும் போய் வந்தவருக்கு ஈயின் உடற்பாகம் தெரியும், சட்டம் பிடிக்கத் தெரியாது. சுற்று மட்டும் போனவருக்குக் கை பழகியிருக்கும், காரணம் தெரியாது. நாலு மாதம் சுற்றிவிட்டு ஒரு வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். கேள்வி நிறைய இருக்கும், விடை மனதில் ஒட்டும்.

இன்னும் சில குறைகள்

கொட்டினால் என்ன ஆகும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். சில குழுவில் கேட்பதே இல்லை. கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்து, அந்த இடத்தில் கொஞ்சம் புகை காட்டினால் மற்ற ஈ தேடி வராது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இறுக்கம், மயக்கம் என்றால் வண்டியெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவருக்கு இந்தத் தொழில் வேண்டாம்.

காலை 8 மணி என்பது பெண்களுக்கு ஒத்துவராத நேரம். வீட்டுப் பெட்டியை நடைமுறையில் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் அவர்கள்தான், சுற்றுக்கு வருவது ஆண்கள். பாகு வைக்கிறவர் ஒருவர், பாகு பற்றிக் கேட்டு வருகிறவர் வேறொருவர். மாலை 4 மணிச் சுற்று ஒன்று வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மழையில்லாத மாதங்களில் அந்த நேரமும் பெட்டி திறக்க நல்ல நேரமே.

கற்றுத்தருகிறவரே விற்கிறவராகவும் இருப்பதால் ‘மூன்றாவது பெட்டி இப்போது வேண்டாம்’ என்று அவர் வாயிலிருந்து வராது. அதைக் கூட வரும் பழைய ஆட்களிடம் கேளுங்கள். சுற்றில் இரண்டாம் வருஷக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். புதியவர் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்ப்பது அவர்கள்தான். தாங்கள் தடுமாறிய இடம் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். முப்பது வருஷப் பெட்டிக்காரருக்கு அது மறந்துபோயிருக்கும். ‘பார்த்தா தெரியும்ல’ என்பார், நமக்குத் தெரியாது.

சேர நல்ல மாதம் புரட்டாசி. மெலிந்த பெட்டி தேறுவது, பிரிப்பது, ரப்பர், மழைக்காலம் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். பணம் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை சும்மா போய் நில்லுங்கள். புதிய ஆள் கையில் சட்டத்தைக் கொடுத்துவிட்டு மூத்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவரே குனிந்து ‘இதோ ராணி’ என்று காட்டினால், இன்னொரு குழுவையும் விசாரித்துவிடுங்கள். ‘என்ன தெரியுது?’ என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டி நின்றால் முன்பணம் கொடுக்கலாம்.